உப்பு தராத ஊர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இன்றைய மெக்சிகோவில் இருந்த ஆஸ்டெக் பேரரசை வீழ்த்தியது ஸ்பானியரின் ஆயுதமா, ஆஸ்டெக்குகளே தேடிக்கொண்ட பகையா? பகைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா துப்பாக்கி, குதிரை, பெரியம்மை என்று அடுக்கிவிட்டுக் கைதட்டலோடு போய் உட்கார்ந்தார். நானும்தான் தட்டினேன். ஆனால் கணக்கு உதைக்கிறதே!

1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் அங்கே கரையிறங்கியபோது கூட வந்தவர்கள் ஏறக்குறைய 500 வீரர்கள், 16 குதிரைகள். நம்ம ஊர்க் கல்யாணத்தில் முதல் இரண்டு பந்தியிலேயே இதைவிட அதிகம் பேர் சாப்பிட்டுவிடுவார்கள். எதிரே இருந்தது டெனோச்டிட்லான். (சொன்னாலே நாக்கு சுளுக்குகிறது, இனி தலைநகர் என்றே சொல்கிறேன்.) ஏரி நடுவில் ஊர். ஏரிச் சேற்றை அள்ளிப் போட்டு மேடாக்கி, மண் சரியாமல் இருக்க ஓரத்தில் மரம் நட்டு, அந்தப் பாத்திகளில் மக்காச்சோளமும் தக்காளியும் விளைத்தார்கள். டொமாட்டோ என்கிறோமே, அந்தச் சொல்லே அவர்களுடைய நஹுவாட் மொழியிலிருந்து வந்ததுதான். பக்கத்து ட்லாடெலோல்கோ சந்தையில் தினம் 60,000 பேர் கூடுவதாகக் கோர்டெஸே தன் மன்னருக்கு எழுதினார். எடையில் ஏமாற்றினால் விசாரிக்கச் சந்தைக்குள்ளேயே நீதிபதிகள். சாதாரண வீட்டுப் பையனுக்கும் பள்ளிக்கூடம். இப்படிப்பட்ட ஊர் 500 பேருக்கு விழுமா?

சரி, கடற்கரைப் பக்கம் வாருங்கள். டோட்டோனாக் மக்களின் ஊருக்கு ஆஸ்டெக் மன்னர் மொக்டெசுமாவின் வரி அதிகாரிகள் 5 பேர் வருகிறார்கள். அந்த வருகையைப் பெர்னால் டியாஸ் என்ற ஸ்பானிய வீரர் எழுதி வைத்திருக்கிறார். மினுங்கும் முடியைத் தூக்கிக் கட்டி, ஒரு கையில் கோல், மறு கையில் முகர்ந்து பார்க்கப் பூ. ஈ விரட்டக் கூடவே ஆள். கோர்டெஸ் என்று ஒருவர் நிற்பதையே கண்டுகொள்ளாமல் கடந்து போனார்களாம்! ஊர்த் தலைவர்களுக்கோ கை கால் நடுங்குகிறது. ஏற்கெனவே துணி கொடுத்தார்கள், தானியம் கொடுத்தார்கள். பலிக்குப் பிள்ளைகளையும் பிடித்துப் போகிறார்கள் என்று கோர்டெஸிடம் அழுதிருந்தார்கள். அவர் தூண்டிவிட, அந்த அதிகாரிகளையே கட்டிப்போட்டார்கள். அன்று ராத்திரி அதே கோர்டெஸ் இரண்டு பேரை ரகசியமாக அவிழ்த்துவிட்டு, 'நான் உங்கள் மன்னருக்கு நண்பன்' என்று சொல்லி அனுப்பினார். கில்லாடி, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஊதிய நெருப்புக்கு விறகு யார் அடுக்கி வைத்தது?

அடுத்து ட்லாஸ்கலா. ஆஸ்டெக்குகளால் பிடிக்க முடியாத நாடு. பிடிக்க முடியாவிட்டால் என்ன, சுற்றி வளைத்து வியாபாரத்தை அடைத்துவிட்டார்கள். உப்பு உள்ளே போகாது, பருத்தி போகாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்போம். அவர்களுக்கு வேளைச் சோறே அதுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பார்கள் என்றால், உப்பைத் தடுத்தவரை மறப்பார்களா? இந்த ட்லாஸ்கலாக்காரர்கள் முதலில் ஸ்பானியரோடும் கடுமையாகச் சண்டை போட்டவர்கள்தான். அப்புறம்தான் யோசித்து இந்தப் பக்கம் சேர்ந்தார்கள்.

இப்போது அந்தத் துப்பாக்கிக்கு வருவோம். தலைநகருக்குள் போயிருந்த ஸ்பானியர் 1520 ஜூன் 30 ராத்திரி அதை விட்டுத் தப்பி ஓடினார்கள். கையில் துப்பாக்கியும் இருந்தது, பீரங்கியும் இருந்தது, குதிரையும் இருந்தது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மிச்சப் பேரை வாங்க என்று கூப்பிட்டுச் சோறு போட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டது யார்? அதே ட்லாஸ்கலா. அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தால் நமக்கு இந்தப் பட்டிமன்றமே இல்லை.

பெரியம்மையா? கொடுமைதான், மறுக்கவில்லை. மொக்டெசுமாவுக்குப் பின் வந்த குயிட்லாஹுவாக் 80 நாள் போல ஆண்டு அதில்தான் போனார். ஆனால் அம்மை ஆள் பார்த்துப் பிடிக்கவில்லை, அம்மா. ட்லாஸ்கலாவின் தலைவர் மாஷிஷ்காட்சினும் அதே நோயில்தான் இறந்தார். அவர் ஆட்கள் அப்போதும் பின்வாங்கவில்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். ஏரியில் இருக்கும் ஊரைப் பிடிக்கப் படகு வேண்டும். 13 படகுகளுக்கான மரத்தை ட்லாஸ்கலாவில் அறுத்து, துண்டு துண்டாக மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். சுமந்தவர்கள் 8,000 பேர் என்கிறார் கோர்டெஸ். அந்த வரிசை ஊருக்குள் நுழைந்து முடிய 6 மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். எந்த ஊர் தெரியுமா? டெக்ஸ்கோகோ. 1428-இல் தலைநகரோடு சேர்ந்து பேரரசைக் கட்டிய மூன்று நகரங்களில் ஒன்று! அங்கே அண்ணன் தம்பிக்குள் பட்டத்துச் சண்டை; அதில் இஷ்ட்லில்ஷோசிட்ல் என்ற தம்பி கோர்டெஸ் பக்கம் வந்துவிட்டார். பங்காளி வீட்டு வாசலிலிருந்து படகு கிளம்பியது. 1521 ஆகஸ்ட் 13-இல் தலைநகர் விழுந்தது.

எதிரணிக்கு ஒரே கேள்வி. மலை தாண்டி வந்த அந்த மரங்களை உங்கள் 16 குதிரைகளா சுமந்தன?