கல் கையை விட்டுப் போன பிறகு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தைத் தமிழுக்கென்று ஒதுக்கி நம் மொரீசியஸின் இந்த ரோஸ்ஹில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். வெளியே காத்தோபிமா வடை பொரிக்கிற வாசம் வருகிறது. அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

வீராங்கனையின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் அவள் திறமையா, கூட நிற்பவர்களா? இதுதான் தலைப்பு. கூட நிற்பவர்களே என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் யாரும் எதிர்பாராத ஒரு பெயரை எடுத்துப் போட்டார். ஸ்காட்லாந்தின் கர்லிங் வீராங்கனை ஈவ் மியூர்ஹெட். கர்லிங் என்றால் ஐஸ் தளத்தில் கல்லைத் தள்ளி, எதிர்முனை வட்டத்தின் மையத்துக்கு அருகில் நிறுத்துகிற ஆட்டம். 19 வயதில் ஒலிம்பிக் அணிக்குத் தலைவி, 23 வயதில் வெண்கலம், 2022இல் பெய்ஜிங்கில் தங்கம். "அத்தனையும் ஒரே ஒரு கை சாதித்தது, மற்ற பெண்கள் செய்ததெல்லாம் துடைப்பத்தால் பெருக்கியதுதான்" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்த ஆண்கள் யார் யார் என்று பக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸ் என்றால் அலூடா டம்ளரில் மிதப்பது, குளிர் என்றால் கியூர்ப்பீப் மழை. இவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் கல் நமக்குத் தெரியும். "மொரீசியஸில் கல்லைப் புரட்டினால் பொன் கிடைக்கும்" என்று ஆசை காட்டித்தான் நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலேற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. கிடைத்தது கல் மட்டும். கரும்புத் தோட்டங்களில் அந்தக் கறுப்புக் கல் இன்றைக்கும் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. அதனால், கல்லைத் தள்ளி நிஜமாகவே பொன் எடுத்த பெண் என்றதும் எனக்கு லேசாகப் பொறாமை வந்தது. அவர்களுக்கும் கல் ஒரு தீவிலிருந்துதான் வருகிறது: அயில்சா கிரெய்க். நம்முடையதைப் போலவே எரிமலையில் பிறந்தது, ஆனால் ஆள் குடியிருக்காத குட்டித் தீவு. அந்தக் கிரானைட்டில் செய்த கல் 17 கிலோவுக்குக் குறையாது, 20 கிலோவைத் தொடாது.

அண்ணன் இதை, குண்டு எறிகிற பெட்டாங் ஆட்டத்தோடு ஒப்பிட்டார். அங்கேதான் வழுக்கினார். மரத்தடியில் மாமாக்கள் பெட்டாங் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். குண்டு கையை விட்டுப் போனால் போனதுதான். அப்புறம் கழுத்தை நீட்டலாம், உடம்பை ஒரு பக்கமாக வளைக்கலாம், குண்டைத் திட்டலாம். வேறு எதுவும் செய்ய முடியாது. கேரமும் அப்படியே. கர்லிங்கில் கல் கையை விட்டுப் போன பிறகுதான் பாதி ஆட்டமே இருக்கிறது.

எப்படி என்றால், அந்த ஐஸ் தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. நம் வீடுகளில் வாசல் தெளிப்பதைப் போல, ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீரைத் துளித் துளியாகத் தெளித்து உறைய விடுவார்கள். அந்தப் பொடிக் குமிழ்களின் மேல்தான் கல் ஓடுகிறது. வீசியவர் கைப்பிடியை லேசாகத் திருப்பி விடுவதால் போகப் போக ஒரு பக்கம் வளையும். இரண்டு பெண்கள் கல்லுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் பிரஷ்ஷில் இறக்கித் தேய்ப்பார்கள். தேய்த்த சூட்டில் ஐஸ் கொஞ்சம் இளகும், உராய்வு குறையும், கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். நடுவழியில் நின்றுவிட வேண்டிய கல்லை மையம் வரை கூட்டிக்கொண்டு போவது அவர்கள்தான். இதைத்தான் அண்ணன் பெருக்குகிற வேலை என்றார்.

கணக்கும் பார்ப்போம். ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. சுற்றுக்கு எட்டுக் கல் என்றால் ஓர் அணிக்கு 80 கல். ஆளுக்கு இரண்டு வீதம் நால்வரும் வீச வேண்டும். அதில் மியூர்ஹெட் வீசியது 20. மிச்சம் 60 கல்லை வீசியது யார், எதிரணியினரே? அந்த இருபதிலும், அவர் வீசும்போது எதிர்முனையில் பிரஷ்ஷை ஊன்றி "இங்கே குறி வை" என்று காட்டி நின்றவர் விக்கி ரைட். வீசிய கல்லைத் தேய்த்துக் கொண்டுபோனவர்கள் ஜென்னிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப்.

அண்ணன் 2014 வெண்கலத்தைச் சொல்லிவிட்டு ஒரே தாவாக 2022க்குப் போய்விட்டார். நடுவில் எட்டு வருஷம் எங்கே போயிற்று? நான் சொல்கிறேன். 2018, பியோங்சாங். வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே ஜப்பான். கடைசிச் சுற்று, கடைசிக் கல், வீசுவது மியூர்ஹெட். சரியாகப் போயிருந்தால் பதக்கம். போகவில்லை. 5-3 என்று ஜப்பான் எடுத்துக்கொண்டது. கையோ அதே கை. 2013இல் ரீகாவில் உலகச் சாம்பியன் பட்டம் வாங்கிய கை. அப்புறம் இடுப்பில் அறுவை சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் எட்டாவது இடம். முதல் ஆறு இடத்துக்குத்தான் நேரே ஒலிம்பிக் டிக்கெட். கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

அப்போது மாறியது என்ன? கையா? இல்லை ஐயா. ஒன்பது பெண்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, அதிலிருந்து மியூர்ஹெட்டையும் ஒரு மாற்று ஆளையும் சேர்த்துப் புதிதாக ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். 2018இல் மியூர்ஹெட்டோடு ஆடியவர்களில் ஒருத்தர்கூட அந்த அணியில் இல்லை. அந்தப் புது அணி முதலில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் டிக்கெட்டையும் வாங்கியது.

பெய்ஜிங்கிலும் தட்டுத் தடுமாறித்தான் போனார்கள். ஒன்பது ஆட்டத்தில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஜப்பானும் கனடாவும் அதே 5-4. யார் உள்ளே, யார் வெளியே? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் மையத்தை நோக்கிக் கல் வீசி, எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று அளந்து வைப்பார்கள். சமநிலை வந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய கணக்கிலும் சமமாக நின்றால் அந்தச் சராசரிதான் தீர்ப்புச் சொல்லும். அந்தக் கல்லை எல்லா முறையும் தலைவியே வீசிக்கொள்ள விதி இடம் கொடுக்காது, மற்றவர்களும் முறை வைத்து வீச வேண்டும். மியூர்ஹெட் அரையிறுதிக்குள் நுழைந்த கதவைத் திறந்தது அந்தப் பல கைகளின் சராசரி. அரையிறுதியில் முதல் சுற்றிலேயே ஸ்வீடன் நான்கு புள்ளி எடுத்தது. அதிலிருந்து எழுந்து, கூடுதல் சுற்று வரை போய் 12-11. இறுதியில் ஜப்பானை 10-3. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை, அவ்வளவு ஒருபக்கமாக இருந்தது.

விக்கி ரைட் ஒரு நர்ஸ். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரி டியூட்டியும் பார்த்துக்கொண்டு இந்தப் பயிற்சிக்கும் வந்தவர். அவர் பெயரை அண்ணன் ஒரு தடவை சொன்னாரா என்று நடுவர் தன் குறிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். மியூர்ஹெட்டின் அப்பா கோர்டனும் உலகச் சாம்பியன் கர்லிங் வீரர் என்பதையும் அவர் வசதியாக விட்டுவிட்டார்.

மியூர்ஹெட்டின் கை லேசுப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பிறந்தது முதல் ஐஸ் பார்த்த கை. ஆனால் அந்தக் கை 2018இலும் இருந்ததே!

நம் ஊர்க் காவடியோடு முடிக்கிறேன். போன தைப்பூசத்தில் என் தம்பி காவடி எடுத்தான். வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, காலில் செருப்பில்லை. என் அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. பிளாஸ்டிக் வாளியும் சொம்புமாக அவனுக்கு இரண்டடி முன்னால், திரும்பிப் பார்த்துப் பார்த்து, அவன் கால் வைக்கப்போகிற இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கோயில் வரை நடந்தார். வாளி காலியானால் தெருவோரத்து வீடுகளில் குழாயைத் திறந்து நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. படத்தில் தம்பி மட்டும்தான். காவடி, மயிலிறகு, முகத்தில் வியர்வை. அத்தை இல்லை. அவன் காலடியில் ரோடு மட்டும் ஈரமாக மின்னுகிறது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.