ஜெர்மனி ரஷ்ய எரிவாயுவில் எப்படி மாட்டியது?

[திரையில்: பால்டிக் கடல் வரைபடம். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு கோடு நீள்கிறது.]

ரஷ்யாவின் வைபோர்க் பக்கம் கடலில் இறங்கி, 1,224 கிலோமீட்டர் தாண்டி, ஜெர்மனியின் லுப்மினில் கரையேறுகிறதே, இதுதான் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய். உக்ரைன், போலந்து வழியாக நிலத்திலேயே குழாய்கள் இருக்கும்போது கடலுக்கடியில் எதற்கு இன்னொன்று? அந்த இரண்டு நாடுகளையும் தவிர்த்துவிட்டுப் போகத்தான். போலந்து ஆரம்பத்திலேயே எதிர்த்தது, பெர்லின் இது வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட்டது. 2005இல் இதற்கு ஆதரவாக நின்ற ஜெர்மனியின் சான்சலர் (அரசின் தலைவர்) ஷ்ரோடர், பதவி போன கொஞ்ச நாளிலேயே அந்தக் குழாய் நிறுவனத்தில் பொறுப்பேற்றார். சரி, அது தனிக்கதை.

[திரையில்: காற்றாலைகள், அணு உலை]

அதே நாடுதான் 2000இலேயே சட்டம் போட்டு காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் வளர்த்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்ததும், அணு உலைகளை 2022க்குள் மூடுவதாக மெர்கல் அரசு முடிவெடுத்தது. நிலக்கரியும் ஒருநாள் போக வேண்டும், அதுவரை எரிவாயு தாங்கும் என்பது கணக்கு. நார்ட் ஸ்ட்ரீமில் எரிவாயு வர ஆரம்பித்ததும் அதே 2011 நவம்பரில்தான்.

உலைகளை மூடியதால்தான் இந்த எரிவாயுச் சிக்கல் வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது, ஏனென்றால் ஜெர்மனியில் கிட்டத்தட்ட பாதி வீடுகளுக்குக் குளிர்காலச் சூடு எரிவாயுவில்தான், லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் மாதிரி ரசாயன ஆலைகளுக்கு அது மூலப்பொருளும்கூட, அணு மின்சாரம் இருந்திருந்தாலும் அந்த இடத்தை உடனே நிரப்பியிருக்காது.

மன்னிக்க முடியாதது வேறு. நாட்டின் மிகப்பெரிய எரிவாயுச் சேமிப்புக் கிடங்கு ரேடன் என்ற ஊரில் இருக்கிறது, அதையே ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கையில் கொடுத்திருந்தார்கள்! 2021 குளிர்காலம் வந்தபோது கிடங்கு கிட்டத்தட்ட காலி. இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்ய எரிவாயு.

[திரையில்: 2022 நாட்காட்டி]

பிப்ரவரி 22 அன்று அப்போதைய சான்சலர் ஷோல்ஸ், புதிதாகக் கட்டிய இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீம் குழாய்க்கான அனுமதியை நிறுத்தினார், 24ஆம் தேதி உக்ரைன் மீது ரஷ்யாவின் போர். ஆகஸ்ட் முடிவோடு முதல் குழாயும் நின்றது, செப்டம்பரில் கடலுக்கடியில் வெடிப்பு. பசுமைக் கட்சி அமைச்சர் ஹாபெக் எரிவாயு தேடி கத்தார் போனார், மூடி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களைத் திரும்ப ஓட்டினார்கள், டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் எல்என்ஜி, அதாவது கப்பலில் வரும் திரவமாக்கிய எரிவாயுவை இறக்கும் முனையம் திறந்தாயிற்று.

பணம் இருந்தது, சமாளித்தார்கள். ஐரோப்பா என்ன விலைக்கும் எல்என்ஜி வாங்கியதில் விலை எகிறி, பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் (நீண்ட ஒப்பந்தமின்றி அன்றைய விலைக்கு) வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டுக்குப் போனது. பாகிஸ்தானின் எல்என்ஜி டெண்டருக்கு ஆளே வரவில்லை.

வெளிநாட்டு எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குப் புதிதாக அரசுப் பணம் கொடுப்பதை 2022 முடிவுக்குள் நிறுத்துவதாக 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் ஜெர்மனி கையெழுத்துப் போட்டிருந்தது. 2022 மே மாதம் ஷோல்ஸ் செனகலுக்குப் போய், உங்கள் எரிவாயுத் திட்டத்தில் எங்களுக்கு ஆர்வம் உண்டு என்கிறார். அடுத்த மாநாட்டில் ஆப்பிரிக்கத் தலைவர்களிடம் எரிவாயுவைத் தோண்டாதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?