எண்பது வருஷக் கதையில முரண்பாடு வந்தா எழுத்தாளர்கள் என்ன செய்றாங்க? – ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கறோம், அதுக்கே நேரம் சரியா இருக்கும். கேட்டவர் சொந்தமா ஒரு காமிக்ஸ் தொடர் எழுதறவர், 40 இதழ் தாண்டியாச்சு. அவர் கேட்டிருக்கறது இது: "ஹாக்மேன் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு புத்தகத்துல அவர் எகிப்து இளவரசரோட மறுபிறவி. இன்னொண்ணுல வேற கிரகத்துப் போலீஸ்காரர். மூணாவதுல ரெண்டும். அமெரிக்கக் காமிக்ஸ் எழுத்தாளர்கள் இதையெல்லாம் எப்படி சமாளிக்கறாங்க? என் தொடர்லயே 6-வது இதழ்ல நாயகனோட அப்பா இறந்துட்டார்னு வருது, 31-வது இதழ்ல அவர் ஃபோன்ல பேசறார். நான் இப்ப என்ன செய்யணும்?"

டெக்ஸ் வில்லர் (இத்தாலிக் கௌபாய் காமிக்ஸ்) மாதிரி தொடர்கள் படிச்சுப் பழகினவங்களுக்கு இந்தத் தலைவலி ரொம்பத் தெரியாது. அங்க பெரும்பாலும் ஒரு சாகசம் அதோட முடிஞ்சிடும். டிசி, மார்வெல்னு ரெண்டு பெரிய அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள்ல அப்படி இல்ல. நூத்துக்கணக்கான பேர் எழுதின ஆயிரக்கணக்கான இதழ்கள் எல்லாம் ஒரே உலகத்துல நடந்ததா கணக்கு. அதனாலதான் பருந்து இறக்கையோட பறக்கற டிசி நாயகர் ஹாக்மேனோட கதையை முழுசா சொல்றேன். தப்பு எங்க நுழைஞ்சுது, எந்த ஒட்டு நின்னுது, எது பிச்சுக்கிட்டுதுன்னு அவர் ஒருத்தர்கிட்டயே எல்லாம் தெரிஞ்சிடும்.

1940 ஜனவரி தேதி போட்ட ஃபிளாஷ் காமிக்ஸ் முதல் இதழ்ல ஹாக்மேன் வர்றார். எழுதினவர் கார்ட்னர் ஃபாக்ஸ். கார்ட்டர் ஹால்னு ஒருத்தர், பழைய எகிப்து இளவரசர் குஃபுவோட மறுபிறவி. அவரைப் பறக்க வைக்கறது ஒரு விசேஷ உலோகம். 1961-ல அதே ஃபாக்ஸ், ஓவியர் ஜோ கூபர்ட்டோட சேர்ந்து, வேற ஒரு ஹாக்மேனை உருவாக்கறார். இவர் தனகர் கிரகத்துப் போலீஸ்காரர் கட்டார் ஹோல். ஒரு குற்றவாளியைத் துரத்திக்கிட்டு மனைவி ஷயேராவோட பூமிக்கு வந்து இங்கயே தங்கிடறார். ரெண்டு பேரும் முட்டிக்கல. ஏன்னா அதே வருஷம் ஃபிளாஷ் 123-வது இதழ்ல டிசிக்கு ஒரு வழி கிடைச்சிடுச்சு: 1940-கள் நாயகர்கள் வாழற பூமி வேற, புது நாயகர்கள் வாழற பூமி வேற.

இருபது வருஷத்துல பூமிகள் பெருகிப் போச்சு. 1985-ல மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் 12 இதழ்ல 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' எழுதி எல்லாத்தையும் ஒரே பூமியா ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடி டிசியோட பழைய இதழ்களை எல்லாம் உட்கார்ந்து படிக்கறதுக்குன்னே பீட்டர் சாண்டர்சன்னு ஒருத்தரை வேலைக்கு வச்சாங்க. முதல்ல முழுசா படி, அப்புறம் வெட்டு. இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

கிரைசிஸ் ஹாக்மேனை உடைக்கல. பழையவர் வயசானவர், புதியவர் இளையவர், ரெண்டு பேரும் ஒரே பூமியில இருக்கலாம். உடைஞ்சது அதுக்கப்புறம். 1989-ல டிமோத்தி ட்ரூமன் 'ஹாக்வேர்ல்ட்'னு மூணு இதழ் எழுதினார். தனகரை ஒரு கொடுங்கோல் பேரரசா, மேல மாளிகை, கீழ சேரின்னு காட்டின அருமையான கதை. இளம் கட்டார் ஹோலோட ஆரம்பக் காலம்னு படிச்சா அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா 1990-ல அது மாதத் தொடர் ஆனப்போ, கதை 'இப்போ' நடக்குதுன்னு வச்சிட்டாங்க. அதாவது கட்டார் ஹோல் இப்பதான் முதல் தடவையா பூமிக்கு வர்றார்.

அப்போ 1964-லேருந்து டிசி நாயகர்களோட குழுவான ஜஸ்டிஸ் லீக்ல உட்கார்ந்திருந்த ஹாக்மேன் யார்?

ஒரு நிகழ்ச்சியை அழிக்கும்போது அந்த நிகழ்ச்சி மட்டும் போறதில்ல. அந்த ஆள் நின்ன ஒவ்வொரு கட்டமும், அவரோட பேசின ஒவ்வொரு நாயகனும் கேள்விக்குள்ள வந்துடறாங்க. டிசி என்ன பண்ணாங்க? லீகோட ஆரம்ப வருஷங்கள்ல இருந்தது கார்ட்டர் ஹால்னு சொன்னாங்க. சரி. ஆனா 1986-லயே கார்ட்டர் ஹாலும் ஜஸ்டிஸ் சொசைட்டி (1940-கள் நாயகர்களோட குழு) ஆட்களும் வேற ஒரு உலகத்துல முடிவில்லாத போர்ல மாட்டிக்கிட்டதா எழுதியாச்சு. அதுக்கப்புறம் வந்த லீக் கதைகள்லயும் ஹாக்மேன் இருக்கார். அந்த ஓட்டையை அடைக்க ஃபெல் ஆண்டார்னு ஒரு தனகர் உளவாளியைக் கொண்டுவந்து, அவன்தான் கார்ட்டர் ஹாலோட மகன்னு ஏமாத்தி நடிச்சான்னாங்க. அவன்கூட இருந்த ஹாக்வுமன்? மூளைச்சலவை செய்யப்பட்ட ஒரு பூமிப் பெண். பாருங்க, ஒரே ஒரு ஆரம்பத் தேதியை நகர்த்தினதுக்கு ரெண்டு புது ஆட்களும் ஒரு சதியும் தேவைப்பட்டுது. இதுல எதையும் எந்த எழுத்தாளரும் ஆசைப்பட்டு எழுதல, கணக்கு நேராகணும்னு எழுதினது.

1994-ல 'ஸீரோ ஹவர்'னு இன்னொரு பெரிய தொடர். அதுல எல்லா ஹாக்மேன்களையும் ஒரே உடம்புல கலந்தாங்க, கூடவே ஒரு பருந்து தெய்வத்தையும் சேர்த்தாங்க. கேக்க சுத்தமா இருக்கு, எழுத முடியல. ஒரு எழுத்தாளருக்கு முதல்ல வேணும்கறது 'இந்த ஆளுக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படறான்'ங்கற பதில். கலந்து வச்ச ஆள்கிட்ட அது கிடைக்காது. 1996-ல தொடர் நின்னுது. அடுத்த சில வருஷம் அவரைத் தொடவே ஆள் இல்ல.

2001-ல ஜெஃப் ஜான்ஸும் டேவிட் கோயரும் ஜேஎஸ்ஏ (ஜஸ்டிஸ் சொசைட்டியோட தொடர்) 23-வது இதழ்லேருந்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. அவங்க பழைய ஒட்டு எதையும் பிரிச்சு விளக்கிக்கிட்டு உட்காரல. 1940 முதல் கதையிலயே இருந்த மறுபிறவியை எடுத்தாங்க: கார்ட்டர் ஹாலுக்கு இப்போ எல்லாப் பிறவியும் ஞாபகம் இருக்கு. எகிப்தும் தனகரும் எப்படி ஒண்ணு சேரும்? பழைய எகிப்துல ஒரு தனகர் விண்கலம் விழுந்துது, அதுல இருந்த உலோகம்தான் மறுபிறவிக்கே காரணம். 2018-ல ராபர்ட் வெண்டிட்டியும் பிரையன் ஹிட்ச்சும் இன்னும் ஒரு படி போனாங்க. மறுபிறவி காலத்துல மட்டும் நடக்கல, விண்வெளி முழுக்க நடக்குது, கட்டார் ஹோலும் அதுல ஒரு பிறவி. அவ்வளவுதான், முப்பது வருஷச் சண்டை அடங்கிடுச்சு. யாரும் பொய் இல்ல, எல்லாரும் அவர்தான். என் கணிப்புல சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல செஞ்ச ரிப்பேர்கள்லயே ரொம்ப அழகானதுல இது ஒண்ணு. காரணம், மருந்து வெளியிலேருந்து வரல. அந்தப் பாத்திரத்தோட முதல் பக்கத்துலயே இருந்துது.

நல்ல ரிப்பேர் எல்லாத்துலயும் இதைப் பார்க்கலாம். மார்வெலோட எக்ஸ்-மென் கதைகள்ல வர்ற மேக்னெட்டோ, உலகப்போர்க் காலத்து நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸ்ல சிறுவனா இருந்தவர், அதை 1980-கள்ல கிறிஸ் கிளேர்மான்ட் நிலைநிறுத்தினார். அந்த வருஷத்தை நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. அப்போ இன்னிக்கு அவருக்கு எப்படி அந்த உடம்பு? 1974-ல டிஃபெண்டர்ஸ் 16-வது இதழ்ல அவரைக் குழந்தையாவே ஆக்கிட்டாங்க. 1977-ல திரும்பப் பெரியவர் ஆக்கினப்போ நல்ல வலுவான வயசுல நிறுத்திட்டாங்க. வயசுப் பிரச்சினைக்காக எழுதின கதை இல்ல அது, ஆனா பின்னாடி கை கொடுத்துது.

கேப்டன் அமெரிக்காவையும் சொல்லணும், உங்க பிரச்சினைக்கு இதுதான் கிட்டத்துல வருது. 1964-ல அவெஞ்சர்ஸ் 4-வது இதழ்ல அவரைப் பனிக்கட்டியிலேருந்து எடுக்கறாங்க, உலகப்போர் முடியற சமயத்துலேருந்து உறைஞ்சு கிடந்தார்னு சொல்றாங்க. ஆனா 1953, 54-ல அவர் கம்யூனிஸ்ட்டுகளை அடிக்கற கதைகள் அச்சாகிக் கடைக்கு வந்திருக்கு! 1972-ல ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், கேப்டன் அமெரிக்கா 153-வது இதழ்லேருந்து நாலு இதழ்ல பதில் சொன்னார். அது வேற ஆள். கேப்டன் மேல பைத்தியமா இருந்து, முகத்தையும் பெயரையும் மாத்திக்கிட்டவன். கேப்டனைப் பலசாலி ஆக்கின சீரம் அவனுக்கும் கிடைச்சுது, அதோட சேர்த்துக் கொடுக்கவேண்டிய கதிர்வீச்சு சிகிச்சை கிடைக்கல, அதனால மனநிலை கெட்டு எல்லாரையும் எதிரியா பார்க்க ஆரம்பிச்சான். அந்த விவரம் முரண்பாட்டை மூடினதோட நிக்கல. நிஜக் கேப்டன் தன் முகத்தோடயே வெறி பிடிச்ச ஒருத்தனோட சண்டை போடற கதையா ஆச்சு. ஆனா அப்பவும் ஒரு ஓட்டை மிச்சம்: 1945-லேருந்து 49 வரைக்கும் வந்த இதழ்கள். அதை 1977-ல ராய் தாமஸ் அடைச்சார், இன்னும் ரெண்டு பேர் அந்த உடையைப் போட்டாங்கன்னு.

இப்போ கெட்ட உதாரணம். எக்ஸ்-மென் குழுவோட நாயகி ஜீன் கிரே 1980-ல எக்ஸ்-மென் 137-வது இதழ்ல இறக்கறா. ஒரு கிரகத்தையே அழிச்ச குற்றத்துக்கு விலை அது. 1986-ல அவளைத் திரும்பக் கொண்டுவரணும், ஆனா குற்றவாளியா இருக்கக் கூடாது. அதனால அழிச்சது அவ இல்ல, அவளைப் பிரதி எடுத்த ஃபீனிக்ஸ் சக்தி, நிஜ ஜீன் கடலடியில ஒரு கூட்டுக்குள்ள கிடந்தான்னு விளக்கினாங்க. கர்ட் பியூசிக் தந்த யோசனை அது. விதிப்படி பார்த்தா கச்சிதம். ஆனா 1983-லயே ஜீனோட காதலரா இருந்த ஸ்காட் சம்மர்ஸுக்கு மேடலின் பிரையரோட கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு குழந்தையும் இருக்கு. ஜீன் வந்ததும் ஸ்காட் அவங்களை விட்டுட்டுப் போறார். நாயகன் பேர் கெட்டுப் போச்சு. அதைச் சரி பண்ண மேடலினை குளோன் ஆக்கி, வில்லி ஆக்கி, 1989-ல கொன்னாங்க. ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண் பாத்திரம் கணக்குக்குப் பலியாச்சு. விதிக்குப் பொருந்துதான்னு மட்டும் பார்த்தா இப்படித்தான் ஆகும். பழைய கதையைப் படிச்சு அழுதவங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்னும் பார்க்கணும்.

வயசு, வருஷம் பத்தி சுருக்கமா. மார்வெல் நகரும் காலக்கணக்கு வச்சிருக்காங்க, அதாவது ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கற நாலு பேர் குழு ராக்கெட்ல போனது எப்பவுமே 'சுமார் பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி'. 1963-ல அயர்ன்மேன் வியட்நாம்ல காயம்பட்டார், பின்னாடி அது ஆஃப்கானிஸ்தான் ஆச்சு. ஒவ்வொரு தலைமுறைக்கும் போரை மாத்திக்கிட்டே இருக்க முடியாதுன்னு, 2019-ல மார்க் வெய்ட் எழுதின மார்வெல் வரலாற்றுத் தொடர்ல சியான்கோங்ங்கற கற்பனை நாட்டுப் போர்ல எல்லாரையும் சேர்த்துட்டாங்க. நீங்க செய்யவேண்டியது சுலபம்: இதழ்ல வருஷம் எழுதாதீங்க, பிறந்தநாள் கேக் மேல எண் வரையாதீங்க, செய்தித்தாள் தேதி காட்டாதீங்க. 'அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்'னு கதைக்குள்ள நடந்ததை வச்சே காலம் சொல்லுங்க.

சரி, உங்க 40 இதழ். முதல்ல எல்லாத்தையும் வரிசையா ஒரு தடவை படிங்க, எதையும் திருத்தாம. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஏ4 தாள் போதும். ஒவ்வொரு விவரத்துக்கும் மூணு விஷயம் குறிங்க: என்ன விவரம், எந்த இதழ் எந்தப் பக்கம், யார் சொன்னது. மூணாவதை யாரும் எழுதறதில்ல, ஆனா உயிரே அதுலதான் இருக்கு. கேப்ஷன்ல கதைசொல்லி சொன்னதும், நிகழ்காலத்துல படமா வரைஞ்சதும் கெட்டி, அதை உடைச்சா வாசகர் உங்களை நம்பமாட்டார். நினைப்பு பலூன்ல வந்தது பாதிக் கெட்டி, அந்த ஆள் நிஜமா அப்படி நம்பறார், ஆனா தப்பா நம்பலாம். பேச்சு பலூன்ல வந்தது இளகின மண். மனுஷங்க பொய் சொல்வாங்க, மறப்பாங்க, யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வாங்க. ஒருத்தர் வாயால சொல்ற ஃபிளாஷ்பேக்கும் அப்படித்தான், படமா வரைஞ்சிருந்தாலும்.

அடுத்து, எல்லா முரண்பாட்டையும் தொடாதீங்க. இப்ப எழுதற கதைக்குக் குறுக்க நிக்கறதை மட்டும் எடுங்க. கார் நிறம் மாறினதுக்கு விளக்கம் வேண்டாம். 1964-ல ஸ்டான் லீ ஹல்க்கை 'பாப் பேனர்'னு தப்பா எழுதிட்டார், உண்மையில புரூஸ் பேனர். முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர்னு வாசகர் கடிதப் பகுதியில சொல்லி முடிச்சுட்டாங்க. ரெண்டு வரி. அதுக்கு ஒரு இதழ் செலவழிக்கல.

இப்போ அப்பா. 6-வது இதழை எடுத்துப் பாருங்க, இறந்துட்டார்னு யார் சொல்றாங்க? அம்மாவோ மாமாவோ சொல்லியிருந்தா உங்களுக்குப் பிரச்சினையே இல்ல, நல்ல கதை கிடைச்சிருக்கு: அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க? நாயகனே சொல்லியிருந்தா இன்னும் நல்லது, அப்பாவை அவன் செத்தவரா வச்சுக்கிட்டதுக்குக் காரணம் தேடுங்க. பிணத்தைப் படமா வரைஞ்சிருந்தீங்கன்னா அந்தச் சாவைத் தொடாதீங்க, 31-வது இதழுக்குப் போங்க. ஃபோன்ல வெறும் குரல்தானே வருது? எதிர்முனையில முகம் வரைஞ்சிருக்கீங்களான்னு பாருங்க. வரையலைன்னா பேசினது அப்பாவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டுலயும் முகம் இருந்தா மட்டும், அடுத்த தொகுப்பு அச்சடிக்கும்போது 31-ல அந்த வசனத்தை சித்தப்பாவுக்கு மாத்திட்டு, மாத்தினோம்னு முதல் பக்கத்துல ஒரு வரி போட்டுடுங்க. பழைய இதழ் கையில வச்சிருக்கறவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க.