16 அடி மலைப்பாம்பும் தாத்தாவோட துண்டும்: காட்டு வேலைக்கு யாரு லாயக்கு?

[திரை இருட்டு. தவளைச் சத்தம் மட்டும். பிறகு குரல்.]

அமெரிக்காவுல புளோரிடா. 2016-ல அங்க மலைப்பாம்பு பிடிக்கிற போட்டி ஒண்ணு நடத்தினாங்க. ஆயிரம் பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. ஒரு மாசம் தேடினாங்க. கிடைச்சது 106 பாம்பு. பத்துப் பேருக்கு ஒண்ணு! போட்டோ எடுக்கும்போது யாரு தலைப்பக்கம் பிடிக்கிறதுன்னே சண்டை வந்திருக்கும்.

அடுத்த வருஷம், 2017 ஜனவரி. நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துல இருந்து ரெண்டு பேர் அங்க போய் இறங்கினாங்க. மாசி சடையன், வடிவேல் கோபால். ரெண்டு பேரும் இருளர். வயசு ஐம்பதுக்கு மேல. ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள 13 பாம்பு. அதுல ஒண்ணு 16 அடி.

[திரையில்: புதருக்குள் இறங்கும் மனிதர்கள், வரைபடமாக.]

எப்படின்னு கேளுங்க. அமெரிக்காக்காரங்க வண்டியில உட்கார்ந்துக்கிட்டு ரோட்டோரம், கரையோரம் பாம்பு வெயில் காய வருமான்னு பார்த்துட்டுப் போவாங்க. இவங்க நேரா புதருக்குள்ள இறங்கிட்டாங்க. மண்ணுல உரசின தடம், நசுங்கின புல், இதைப் பார்த்தே அது எந்தப் பக்கம் போயிருக்கு, எந்தப் பொந்துக்குள்ள கிடக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க. இத்தனைக்கும் பர்மிய மலைப்பாம்பு இவங்க ஊர்ப் பாம்பே கிடையாது.

இவங்களைக் கூப்பிட்டவர் புளோரிடா பல்கலைக்கழகத்து விஞ்ஞானி பிராங்க் மசோட்டி. அவர் என்ன பண்ணாரு தெரியுமா? 'இங்கிலீஷ் பேச வருமா, டிகிரி இருக்கா'ன்னு கேக்கல. கூடவே ரெண்டு மொழிபெயர்ப்பாளரையும் வரவெச்சாரு. இந்த மொழிபெயர்ப்பாளர் விஷயத்தை மட்டும் ஓரமா முடிஞ்சு வெச்சுக்கோங்க, அப்புறம் அவிழ்ப்போம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது. இருளர்கள் ஒரு காலத்துல பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க. 1972-ல வன உயிரின சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் தோல் வியாபாரம் நின்னுச்சு. நேத்து வரைக்கும் தொழிலா இருந்தது ஒரே நாள்ல குத்தமாயிடுச்சு. 1978-ல இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. பாம்பைப் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, திரும்ப விட்டுடணும். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகுது. அதே ஆளு, அதே கை, அதே பாம்பு. லைசென்ஸ்னு ஒரு காகிதம் வந்ததும் வேட்டைக்காரர் நிபுணர் ஆயிட்டாரு. 2023-ல மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ.

[தலைப்பு அட்டை. பம்பைச் சத்தம், மூணு விநாடி.]

வணக்கம் மக்களே! தர்மபுரியில இருந்து பேசறேன். காட்டுயிர் ஆராய்ச்சிங்கிற வேலைக்கு யாரை உள்ள விடறோம், யாரை வாசல்லயே நிறுத்தறோம், இதுதான் இன்னிக்கு வீடியோ. 'டைவர்சிட்டி', 'இன்க்ளூஷன்'னு பெரிய வார்த்தை சொல்றாங்களே, அதேதான். நம்ம பாஷையில சொன்னா, பந்தியில யாருக்கு இலை போடறாங்கங்கிற கேள்வி.

ஊர் விவரத்தைச் சட்டுனு முடிச்சிடறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பரவியிருக்கிற காவேரி வடக்கு சரணாலயம் 2014-ல வந்துச்சு, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல காவேரி தெற்கு, சுமார் 686 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, நாற்கொம்பு மான், நரை அணில், ஆத்துல நீர்நாய், முதலை எல்லாம் உண்டு. ராகி அறுப்பு வந்தா பன்னேர்கட்டா பக்கம் இருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைன்னு இறங்கி வரும். யானைக்கு ஸ்டேட் பார்டர் கிடையாது, பர்மிட் கிடையாது. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஈரமண்ணில் யானைத் தடம்.]

போன ராகி சீசன்ல அஞ்செட்டி ரோட்டோரமா ஒரு இருளர் தாத்தா கூட நடந்தேன். முன்னாடி வேட்டைத் தடுப்புக் காவலரா இருந்தவர். வழியில யானை லத்தி. போலீஸ் லத்தி இல்லீங்க, சாணி. பார்த்த உடனே சொல்றாரு, "விடிகாலம் போட்டது."

"எப்படித் தாத்தா சொல்றீங்க?"

"கையை வுட்டுப் பாரு கண்ணு."

விட்டேன். ஆமா, நிஜமாவே விட்டேன், எடிட்டர் அந்த கிளிப்பை வெட்டாதே. உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு. மேல இன்னும் பளபளப்பு காயல, வண்டு அப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு. உதிர்த்துப் பார்த்தா ராகி உமி. அப்போ யாரோ ஒருத்தரோட வயல் நேத்து ராத்திரி போயிடுச்சுன்னு அர்த்தம்.

நாலடி தள்ளி முன்னங்கால் தடம். தாத்தா தோள்ல கிடந்த துண்டை எடுத்தாரு. தடத்தைச் சுத்தி வெச்சு அளந்தாரு. அந்த அளவுக்கு இன்னொரு மடங்கு சேர்த்து நிமிர்த்திப் பிடிச்சாரு. "இந்த ஒசரம் இருக்கும், தோள் வரைக்கும்." நான் அசந்துட்டேன். ஏன்னா யானை ஆராய்ச்சியில இதே கணக்குதான் சொல்லித் தர்றாங்க: முன்னங்கால் தடத்தோட சுற்றளவை ரெண்டால பெருக்கினா, ஏறக்குறைய தோள் உயரம். உயரத்தை வெச்சு வயசைக் குத்துமதிப்பா சொல்லலாம். அவங்க கிட்ட டேப், தாத்தா கிட்ட துண்டு.

"தாத்தா, இதை எம்.எஸ்சி.யில பாடமா வெச்சிருக்காங்க"ன்னேன்.

"எத்தினி நாளு படிப்பு?"

"ரெண்டு வருஷம்."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "சாப்பாடு போடுவாங்களா?"

சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகல. ஆராய்ச்சிக்கு வர்ற எல்லாக் குழுவுக்கும் இவர் மாதிரி ஒருத்தர் வழி காட்டறாரு. கட்டுரை வெளியாகும்போது அவர் பேரு எங்க வரும்? கடைசிப் பக்கத்துல, நன்றி சொல்ற பத்தியில, டிரைவருக்கும் சமையல்காரருக்கும் நடுவுல. ஆசிரியர் பட்டியல்ல வரணும்னு நான் சொல்றேன். 'அவருக்கு எழுதத் தெரியாதே'ன்னு கமெண்ட் போடுவீங்க. போடுங்க. அப்படிப் பார்த்தா, தடம் படிக்கத் தெரியாதவங்க பேரு மட்டும் எப்படி முதல்ல வருது?

அரசு வேலைப் பக்கமும் பார்த்துடுவோம். வனக்காப்பாளர், வனக்காவலர் வேலை 2024-ல இருந்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள்ள வந்துடுச்சு. மொத்தம் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. அப்புறம் நடைத் தேர்வு, நாலு மணி நேரத்துல ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16. நடையைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல, விறகுக் கட்டோட நடக்கிறவங்க சும்மா கை வீசிட்டா நடக்க மாட்டாங்க? பழங்குடி இளைஞர்களுக்குன்னு தனியா வனக்காவலர் பணியிடம் வெச்சிருக்காங்க, அதுக்குப் பாராட்டு. ஆனா அந்த 200-ல லத்தியைக் காட்டி 'இது எத்தனை நாள் பழசு'ன்னு கேக்கற பகுதி கிடையாது. வெச்சிருந்தா கோச்சிங் சென்டருக்குப் போன நாமெல்லாம் ஃபெயில்.

[திரையில்: நியூயார்க் பூங்கா, வரைபடம்.]

சரி, வெளிநாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். 2020 மே 25. நியூயார்க் சென்ட்ரல் பார்க். கிறிஸ்டியன் கூப்பர்னு ஒருத்தர், கறுப்பினத்தவர், பறவை பார்த்துட்டு இருக்காரு. அங்க நாயை அவுத்து விடக்கூடாது. விட்டிருந்த ஒரு அம்மா கிட்ட 'கட்டுங்க'ன்னு சொல்றாரு. அந்தம்மா போலீசுக்குப் போன் போட்டு, கறுப்பர் ஒருத்தர் என்னை மிரட்டறாருன்னு சொல்றாங்க. அவர் கையில இருந்தது பைனாகுலர். ஒரே வாரத்துல இளம் கறுப்பின விஞ்ஞானிகளும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து 'கறுப்பினப் பறவை நோக்கர் வாரம்'னு ஆரம்பிச்சாங்க. 'நாங்களும் இங்கதான் இருக்கோம்'னு பைனாகுலரோட போட்டோ போட்டாங்க.

அதே வருஷம் கார்னெல் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவிகளா இருந்த அமேலியா டெமெரி, மொனீக் பிப்கின் ரெண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. களத்துல ஆபத்துன்னா பாம்பு, கரடி மட்டும்தானா, அங்க இருக்கிற மனுஷங்களால யாருக்கெல்லாம் ஆபத்துன்னு யோசிச்சீங்களான்னு கேட்டாங்க. தனியா அனுப்பாதே, அடையாளக் கடிதம் கொடு, அந்த ஊர்க்காரங்களுக்கு முன்னாடியே தகவல் சொல்லு, அதையெல்லாம் மாணவர் தலையில கட்டாதே, ஆராய்ச்சிக்கு வழிகாட்டற பேராசிரியரே செய்யணும்னு சொன்னாங்க.

'நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு'ன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கதை. 2018, சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் சர்வே நடந்த நேரம். அரூர் பக்கம் என் சிநேகிதன் தவளை தேடப் போயிருக்கான். கையில ஜி.பி.எஸ். பத்தே நிமிஷத்துல ஊரே சுத்தி நின்னுடுச்சு. "எந்த ஆபீசு? கல்லு நட வந்தியா?" தவளைன்னு இவன் சொல்லச் சொல்ல அவங்களுக்குக் கோபம் ஏறுது. யாரு நம்புவா? நிலம் போகப் போகுதுன்னு வயிறு எரிஞ்சு நிக்கறவங்க கிட்ட போய் தவளைன்னா! அவங்க மேல தப்பே கிடையாது. முந்தின நாள் ஊர்ப் பெரியவர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். கடைசியில டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாங்க, தவளை எந்தக் கிணத்துல நிறைய இருக்குன்னும் சொல்லி. இதே ஓசூர்ப் பக்கம்னா வேற மாதிரி. பைனாகுலரோட நின்னா, 'சார், இங்க நிலம் சென்ட் என்ன ரேட்டு போகுது?'ன்னு கேப்பாங்க.

[இசை நிறுத்தம். எடிட்டர், இந்தப் பகுதிக்கு எதுவும் போடாதே.]

அரூர்னு சொல்லிட்டு வாச்சாத்தியைச் சொல்லாம போனா இந்த வீடியோ பொய்யாயிடும். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள்ள போனாங்க, மலையாளிங்கிற பழங்குடி மக்களோட ஊரு அது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. வழக்குல 269 பேர். 2011-ல தர்மபுரி நீதிமன்றம் எல்லாருமே குற்றவாளிகள்னு சொல்லுச்சு. அதுக்குள்ள 54 பேர் செத்துட்டாங்க, மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சுச்சு. 31 வருஷம்.

அந்த மலையடிவாரத்துப் பொண்ணு ஒருத்தி வனத்துறை வேலைக்கு விண்ணப்பம் போடணும்னா, முதல்ல வீட்டுல பாட்டி கிட்ட சொல்லணும். பாட்டி முகத்தைப் பார்த்து அவ எப்படிச் சொல்வா? இதைத் தெரிஞ்சுக்காம, 'பழங்குடிப் பெண்களுக்கு ஆர்வம் குறைவு'ன்னு யாராவது அறிக்கை எழுதினா, அந்தப் பேனாவைப் பிடுங்கிடலாம்.

[திரை மெதுவாக வெளிச்சத்துக்கு.]

பெண்கள்னு வந்ததால, யாருமே மேடையில பேசாத ஒண்ணு. கக்கூஸ்.

யானைக் கணக்கெடுப்பு மே மாசம். விடிகாலை கிளம்பி நடக்கணும். குழுவுல ஆறு பேர், ஒரே ஒரு பொண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆய்வாளர் அக்கா, "காட்டுக்குப் போற அன்னிக்குக் காலையில தண்ணியே குடிக்க மாட்டேன்டா"ன்னாங்க. மே மாசத்துல! பாறை அனல் அடிக்கும்! ஆம்பளைங்க நமக்கு அஞ்சு வினாடி வேலை, ஒரு மரம் போதும். அவங்களுக்குக் கூட்டத்தை நிறுத்தணும், காரணம் சொல்லணும், பின்னாடி போற பாதையில யானை நிக்குதான்னு வேற பார்க்கணும். மாதவிடாய் நாள்னா இன்னும் கஷ்டம். தீர்வு என்ன, பெரிய ராக்கெட்டா? ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைவரே 'பத்து நிமிஷம் நிக்கறோம்'னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடணும். குழுவுல பொண்ணுங்க குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும். முகாம்ல தாழ்ப்பாள் போட்ட கதவு ஒண்ணு. அவ்வளவுதான்.

தாழ்ப்பாளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014-ல அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் கேத்ரின் கிளான்சியும் கூட்டாளிகளும் களப்பணி செஞ்ச 666 பேர் கிட்ட கேட்டாங்க. 64 சதவீதம் பேருக்குப் பாலியல் சீண்டல் அனுபவம், அஞ்சுல ஒருத்தருக்கு மேல நேரடித் தாக்குதல். புலி இல்ல, சிறுத்தை இல்ல, கூட வேலை பார்த்த மனுஷன்.

இத்தனையும் தாண்டி வந்தவங்க இருக்காங்க. ஊர்வன ஆய்வாளர் ஜெகந்நாதன் விஜயா, கேரளக் காட்டுல தங்கித் தேடி, 1982-ல எழுபது வருஷமா யார் கண்ணுலயும் படாத ஆமையைக் கண்டுபிடிச்சாங்க. இப்ப அந்த ஆமைப் பேரினத்துக்கே அவங்க பேரு, விஜயகெலிஸ். முதுமலை பெள்ளியம்மா 2023-ல தமிழ்நாட்டோட முதல் பெண் காவடி, அதாவது யானைப் பாகனுக்கு உதவியாளர். அவங்களும் அவங்க வீட்டுக்காரர் பொம்மனும் வளர்த்து, ஆஸ்கர் வாங்கின ஆவணப்படத்துல வர்ற யானைக்குட்டி ரகு யார் வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சீங்க? நம்ம ஓசூர்க் காட்டுல, கரண்டுல தாயைப் பறிகொடுத்த குட்டி! நீலகிரிக்காரங்க வளர்த்தாங்க, பொறந்த ஊரு நம்மது. இதுக்கு ஒரு லைக் போடலாம், தப்பில்ல.

பணத்தைப் பத்தி ஒரே வரி: சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை 'அனுபவம்'னு சொல்றவங்க, கிருஷ்ணகிரியில மாம்பழக்கூழ் ஆலைக்கு லோடு ஏத்தறவர் வீட்டுப் பையன் ஆறு மாசம் எதைச் சாப்பிடுவான்னும் சேர்த்துச் சொல்லணும்.

இப்ப அந்த முடிச்சை அவிழ்ப்போம். மொழிபெயர்ப்பாளர். தேன்கனிக்கோட்டையில இருந்து பெங்களூரு ரெண்டு மணி நேரம். அங்க பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையம், விண்ணப்பம் இங்கிலீஷ்ல, நேர்காணல் இங்கிலீஷ்ல. கடல் தாண்டி ரெண்டு பேருக்கு மொழிபெயர்ப்பாளர் கொடுக்க முடிஞ்சிருக்கு. இங்க நேர்காணல் அறையில தமிழும் கன்னடமும் தெரிஞ்ச ஒருத்தரை உட்கார வைக்க ஒரு நாற்காலி செலவு.

மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் கல்லூரியிலயோ ஊட்டி அரசு கல்லூரியிலயோ வனவிலங்கியல் படிச்சுட்டு, இங்கிலீஷ் நேர்காணல்ல வாய் அடைச்சுப் போய்த் திரும்பினவங்க கமெண்ட்ல வாங்க, என்ன கேட்டாங்க, எந்தக் கேள்வியில நின்னுச்சுன்னு எழுதுங்க. அதை வெச்சுத் தமிழ்ல ஒரு பயிற்சி வீடியோ போடறேன். துண்டு வெச்சு அளக்கத் தெரிஞ்ச பெரியவங்க உங்க ஊர்ல இருந்தா ஊர்ப் பேரு மட்டும் போடுங்க, அவங்க பேரு வேண்டாம், கேட்டுட்டு நானே வர்றேன்.

அஞ்செட்டித் தாத்தாவுக்கு இந்த வீடியோவைக் காட்டினேன். முழுசாப் பார்த்தாரு. துண்டை அளக்கற இடத்துல நிறுத்தச் சொல்லி, "ஒரு வெரக்கடை தள்ளிப் புடிச்சிட்டேன் கண்ணு, மறுபடி எடு"ன்னாரு.

[திரையில்: இரண்டாவது முறை அளக்கும் காட்சி.]