காணி வாங்க முன்னம் பெற்றோலைக் கணக்குப் பாருங்கள்

[காட்சி: யாழ்ப்பாணம் பஸ் நிலையம், காலை நேரம்]

ரவுணுக்குள்ளே இரண்டு பரப்புக் காணி வாங்கும் காசுக்கு, வெளியிலே கிணறு, மா, பலாவோடு அகண்ட வளவே கிடைக்கும். பரப்பு விலையை எல்லோரும் கேட்கிறோம். அந்த வளவில் இருந்தால் கிழமைக்கு எத்தனை லீற்றர் எரியும் என்று கேட்பவர் குறைவு.

[வரைபடம்: கண்டி வீதி, சாவகச்சேரி வரை]

சாவகச்சேரியில் வீடு, ரவுணில் வேலை. ஒருவழி ஏறத்தாழ 16 கிலோமீற்றர், போய்வர 32, ஆறு நாளைக்கு 192. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் ஸ்கூட்டிக்கு 4.3 லீற்றர் வேண்டும். 2022 ஆடியில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதாவது 180 கிலோமீற்றர். சனிக்கிழமை வேலைக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது அரியாலையில் வண்டி நிற்கும்.

அந்த 4 லீற்றரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை எரிபொருளை வெளியிலிருந்தே இறக்குமதி செய்கிறது. கப்பலுக்கு டொலர் இல்லாவிட்டால் பெற்றோல் செற்றில் வரிசைதான்.

[வரைபடம்: காங்கேசன்துறை வீதி, சுன்னாகம் வரை]

சுன்னாகம் என்றால் ஒருவழி 10 கிலோமீற்றர். கிழமைக்கு 120, அதாவது 2.7 லீற்றர். தாராளம் போலத் தெரியும். இனித்தான் ரியூசன் வருகிறது.

பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு வீட்டுக்குத் திரும்பி, பிறகு ஏற்றப் போய், கூட்டி வருவது நாலு ஓட்டம். வகுப்பு ரவுணில் என்றால் ஒரு பின்னேரத்துக்கே 40 கிலோமீற்றர். மூன்று பின்னேரம் போனால் 120. வேலைக்கு ஓடிய தூரம் அப்படியே இன்னொரு தடவை! வேலைத் தூரத்தை மட்டும் பார்த்துக் காணி எடுப்பவர்கள் பிழைவிடும் இடம் இதுதான். வகுப்பு முடியும்வரை அங்கேயே நின்றால் பாதி மிச்சம். ஒழுங்கையில் உள்ள இரண்டு பிள்ளைகளை முறைவைத்து ஏற்றினால் இன்னும் நல்லது.

ரவுணுக்குள் இருந்தால் எண்ணெய் வேண்டாம் என்றும் இல்லை. ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் காரை எடுத்தால் எஞ்சின் சூடாக முன்னமே இடம் வந்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் கலந்து போவதால், நீண்ட ஓட்டத்தில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தரும் கார் இங்கே அதைத் தராது. பெரிய கடைப் பக்கம் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவது வேறு.

[காட்சி: பழைய மோட்டார் சைக்கிள், காபரேற்றர் கிட்டத்தில்]

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடு மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் அடிக்கும். இப்போதைய பெற்றோல் இன்ஜெக்சன் வண்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

மின்சார ஸ்கூட்டி நல்லது, ஆனால் முழு விடையல்ல. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது.

மிஞ்சுவது சைக்கிள், பஸ், ரயில். தரை மட்டமானதால் 5 கிலோமீற்றரை 20 நிமிடத்தில் மிதிக்கலாம்; சோளகக் காற்று எதிர்த்து வீசினால் அரை மணித்தியாலம் வையுங்கள். கோண்டாவில், இணுவில், மல்லாகம் போன்ற ரயில் நிலையங்களுக்கு நடை தூரத்தில் காணி என்றால் நல்லது. ஆனால் ரயில் நாளுக்குச் சில தடவைதான். வேலை நேரத்தோடு பொருந்துமா என்று அட்டவணையைப் பாருங்கள்.

காணி பார்க்க வாகனத்தில் போகாதீர்கள். வேலை முடியும் நேரத்தில் ரவுணிலிருந்து பஸ்ஸில் போய், இறங்கிய இடத்திலிருந்து வளவு வரை நடந்து, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சந்திக் கடையில் கேளுங்கள். மாரியில் ஒருதரம் மறுபடி போங்கள்: ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நின்றால் சைக்கிளும் போகாது, ஓட்டோக்காரரும் சந்தியோடு இறக்கி விடுவார்.