வேடிக்கை பார்க்க வந்தவரே வேடிக்கைப் பொருளான கதை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியர் மாங்கா என்று அழைக்கும் சித்திரக்கதைகளில், பழைய காலத்துக் கிராமங்களையும் அவற்றின் வழியே சென்ற அயல்நாட்டுப் பயணிகளையும் பற்றிய ஒரு தொடரைக் குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சஸ்ஸா தைகா வரைந்த அத்தொடரின் தலைப்புக்கு 'விந்தை நாட்டில் பேர்ட்' என்று பொருள் கொள்ளலாம். இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1878ஆம் ஆண்டில் தோக்கியோவிலிருந்து வடக்கு நோக்கி, வெளிநாட்டவர் அநேகமாகக் கண்டிராத ஊர்கள் வழியாக ஹொக்கைடோ தீவு வரை சென்றார். அப்பயணத்தில் அவர் எழுதிய கடிதங்கள் 1880இல் நூலாக வெளிவந்தன. சித்திரக்கதைக்கு மூலம் அந்த நூல்தான்.

அயல்நாட்டவர் ஒருவர் கிராமத்துக்குள் நுழையும் கதையில் நகைச்சுவை பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே அமைந்துவிடுகிறது; வந்தவர் அறிவாளியாகவும், ஊரார் வெகுளிகளாகவும் காட்டப்படுகிறார்கள். இந்தத் தொடரை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அதில் சிரிப்பு இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடப்படுவதுதான். அதற்கு ஆசிரியர் கையாண்டிருக்கும் உத்தி எளிமையானது. பேர்ட் அம்மையாருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆகவே ஊரார் பேசும்போது பேச்சுக் குமிழ்களுக்குள் யாராலும் படிக்க முடியாத, நெளிந்த கோடுகளே இருக்கின்றன. தாய்மொழியில் கதை படிக்கும் ஜப்பானிய வாசகரே தம் முன்னோர் பேசுவது புரியாமல் விழித்து, அந்த அந்நியப் பெண்ணின் இடத்தில் நின்று சிரிக்க நேர்கிறது.

இரு தரப்புக்கும் நடுவே நிற்பவர் இத்தோ என்ற ஜப்பானிய இளைஞர். யோக்கோஹாமாவில், மாதம் 12 டாலர் சம்பளத்துக்கு, துபாஷியாகவும் பணியாளாகவும் அவரை பேர்ட் அமர்த்திக்கொண்டார். பதினெட்டு வயது என்று சொல்லிக்கொண்ட அவரிடம் நற்சான்றுக் கடிதம் ஒன்றும் இல்லை. முதற்பார்வையில் பேர்டுக்கு அவர்மேல் நம்பிக்கையும் பிறக்கவில்லை. ஆனாலும் அவர் பேசிய ஆங்கிலம் இவருக்குப் புரிந்தது, இவர் பேசியது அவருக்குப் புரிந்தது என்பதே போதுமானதாயிற்று. சித்திரக்கதையில் இத்தோ முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டாதவராக, ஆனால் இனிப்பைக் கண்டால் மட்டும் மனம் இளகுபவராக வருகிறார். ஊர் முழுவதும் கொந்தளிக்கும்போதும் அசையாத அந்த ஒரு முகத்தை வரைந்தே ஆசிரியர் பல பக்கங்களில் சிரிப்பை வரவழைத்துவிடுகிறார்.

மூலக் கடிதங்களிலேயே இந்த நகைச்சுவைக்கு விதை இருக்கிறது. அக்காலத்தில் வெளிநாட்டவர் ஒப்பந்தப்படி தங்களுக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகங்களைச் சுற்றிய குறுகிய எல்லையைத் தாண்டிச் செல்லக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. பிரித்தானியத் தூதர் ஹாரி பார்க்ஸின் உதவியால் பேர்டுக்குக் கிடைத்த சீட்டில், காடுகளில் தீ மூட்டலாகாது, தீப்பற்றிய இடத்துக்குக் குதிரைமேல் செல்லலாகாது, கோயில் சுவர்களில் கிறுக்கலாகாது என்றெல்லாம் விதிகள் எழுதப்பட்டிருந்தன. இவருக்கு முன்பு வந்த வெள்ளையர் என்னென்ன செய்திருப்பார்கள் என்பதை அந்த விதிகளிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பேர்ட் கிராமங்களைப் பார்க்கப் போனார். கிராமங்களோ அவரைப் பார்க்கத் திரண்டன. முதல் இரவு தங்கிய கசுகாபே விடுதியிலேயே காகிதத் தடுப்புகளின் ஓட்டைகள் தோறும் கண்கள் முளைத்துவிட்டன. ஐசு பகுதியில் ஏறத்தாழ 2000 பேர் கூடியிருந்த ஓர் இடத்தில் அவர் தொலைநோக்கியை வெளியே எடுத்ததும், அதைத் துப்பாக்கி என்று நினைத்து முதியோரும் சிறுவரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஓடியவர்களைப் பரிகசித்துவிட்டு அவர் வழியைப் பார்த்துக்கொண்டு போகவில்லை. இத்தனை சாதுவான மக்களை அச்சுறுத்திவிட்டோமே என்று வருந்தி, அது என்ன கருவி என்பதை இத்தோவைக் கொண்டு விளக்கச் செய்தார். யுசாவா என்ற ஊரிலோ, அவரைக் காண்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறிய சுமார் ஐம்பது பேர் கூரை இடிந்து கீழே இருந்த அறைக்குள் விழுந்தார்கள். நல்லவேளையாக அறை காலியாக இருந்தது. சிராய்ப்புகளுக்கு மேல் எவருக்கும் காயமில்லை. விழுந்தவர்களில் ஒருவர்கூடக் கத்தவில்லை என்பதை அவர் தனியே குறிப்பிடுகிறார். பிறகு வந்த காவலர்கள் கேட்டது அவருடைய கடவுச்சீட்டை!

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மிகவும் பிடித்தது, அவருடைய பயணத்தில் மூன்று வண்டிகளை இழுத்த மூவரின் கதை. கோடை வெயிலில் அவர்கள் ஆடையின்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பொது இடத்தில் அவ்வாறு செல்வதைப் புதிய அரசு தடை செய்திருந்தது. வழியில் காவலர் ஒருவரைக் கண்டதும், பேர்டின் வண்டியை இழுத்த மூத்தவர் நடுநடுங்கித் தரையில் விழுந்து பணிந்தார்; பின்வண்டிகளை இழுத்த இளையவர் இருவரும் ஒளிந்தபடி அவசரமாக உடுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். அந்நிய நாட்டுப் பயணிக்கு இடைஞ்சல் வேண்டாம் என்பதற்காகவே கைது செய்யாமல் விடுவதாகக் காவலர் சொல்லிப் போனார். மூத்தவர் அதன் பிறகு மனம் தேறவேயில்லை. ஆனால் சாலை திரும்பிக் காவலர் பார்வையிலிருந்து மறைந்த மறுகணமே, இளையவர் இருவரும் ஆடைகளைக் களைந்து எறிந்துவிட்டு, கூவிச் சிரித்தபடி வண்டிச் சட்டத்துக்குள் துள்ளிக் குதித்து ஓடினார்கள். மெய்ஜி அரசு எனப்பட்ட அந்தப் புதிய அரசு அமைந்து பத்தே ஆண்டுகள் கடந்திருந்த நிலையில், தலைநகரம் பிறப்பித்த சட்டமும் வெயிலில் உழைக்கும் உடம்பும் எப்படி மோதிக்கொண்டன என்பதை இந்தச் சிரிப்பைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. இங்கே சிரிப்பவர்கள் கிராமத்தார். பயணி சாட்சி மட்டுமே.

சித்திரக்கதையில் ஒரு குறையும் உண்டு. நாற்பத்தாறு வயதில், உடல்நலக் குறைவோடு பயணம் செய்த உண்மையான பேர்டைவிட, படங்களில் வரும் பேர்ட் மிகவும் இளமையானவர், இனிமையானவர். ஜப்பானியரின் தோற்றத்தைக் குறித்து அவர் எழுதிய சில வரிகள் கடுமையானவை, இன்று படித்தால் உறுத்துபவை. தெள்ளுப்பூச்சிகளும் தோல் நோயும் வறுமையும் நிறைந்த வீடுகளை அவர் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியதும் அதே பேனாதான். அந்தக் கூர்மை குறையும்போது நகைச்சுவையும் சற்று மென்மையாகிவிடுகிறது.

ஹொக்கைடோவில், அத்தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் ஊராகிய பிராத்தோரியில் அவர்களுடைய வீட்டிலேயே பேர்ட் விருந்தினராகத் தங்கினார். அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த இத்தோ அங்கே அம்மக்களை இழிவாகப் பேசுகிறார். அவர்களை மனிதராகவே அவர் கருதவில்லை. ஐனு பெரியவர்களோ, தங்கள் வழக்கங்களைச் சொன்னதை அரசாங்கத்திடம் தெரிவித்துவிட வேண்டாம் என்று விருந்தினரைக் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கடிதங்களை முன்பே படித்தவர்களுக்கு, சித்திரக்கதையின் தொடக்கப் பக்கங்களில் இத்தோவின் அசையாத முகம் தரும் சிரிப்பு வேறு விதமாக இருக்கும். ஆகவே இத்தொடரைத் தேடிப் படிக்க விரும்பும் நேயர்கள், முதலில் சித்திரக்கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, அதன் பிறகு பேர்டின் கடிதங்களையும், குறிப்பாக ஐனு மக்களைப் பற்றிய பகுதியை, பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.