காற்றுக்குழாய் அடைபட்ட தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு என்றதும் உலையும் அதைச் சூழ்ந்த கான்கிரீட் கவசமும்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு வெளியே நிற்கும் நீர்த்தொட்டிகளைப் பற்றி இன்று பேசுகிறேன்.

நீரைக் கொதிக்காதபடி உயர் அழுத்தத்தில் வைத்துக் குளிர்விக்கும் அழுத்த நீர் உலைகளில், எரிபொருள் மாற்றும் பணிக்கென்று போரிக் அமிலம் கலந்த நீரைப் பெரிய தொட்டியொன்றில் நிரப்பி வைப்பார்கள். உலையின் குளிர்விப்பு நீர் கசிந்து வெளியேறும் விபத்து நேர்ந்தால், அவசரப் பம்புகள் முதலில் இந்த நீரையே எடுத்து உலைக்குள் செலுத்தும். ஒரு பம்ப் பழுதானாலும் மற்றொன்று இயங்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரிசைகளாகப் பம்புகளை அமைக்கும் நாம், பெரும்பாலும் அவை எல்லாவற்றையும் ஒரே தொட்டியில்தான் இணைத்திருக்கிறோம்.

தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் அளவுக்கு, அதன் காற்றுக்குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். தொட்டியின் மேற்பகுதியில் 100 கனமீட்டர் காற்று இருக்கிறது, காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது, பம்ப் மணிக்கு 1,000 கனமீட்டர் நீரை உறிஞ்சுகிறது என்று கொள்வோம். நான்கு நொடிகளுக்குள் ஒரு கனமீட்டர் நீர் போய்விடும். உள்ளழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு, குறைந்துவிடும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 650 என்னும் தொட்டித் தரவிதி, வெளியழுத்தத்துக்கென்று தனியாக வடிவமைக்கப்படாத தொட்டிக்கு அனுமதிக்கும் வெற்றிடமோ, அதாவது வெளியழுத்தத்தைவிட உள்ளழுத்தம் குறையக்கூடிய அளவோ, 0.25 கிலோபாஸ்கல் மட்டுமே. நிரம்பியிருக்கும் 12 மீட்டர் உயரத் தொட்டி, அடிப்பகுதியில் சுமார் 118 கிலோபாஸ்கல் அழுத்தத்தை உள்ளிருந்து தாங்கி நிற்கிறது. உள்ளிருந்து தள்ளும்போது தகடு இழுவிசையைத் தாங்குகிறது. வெளியிலிருந்து அழுத்தும்போதோ நெளிந்து மடிகிறது. 12 மீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் தகடும் உள்ள தொட்டி, விட்டத்தோடு ஒப்பிட்டால், கோழிமுட்டை ஓட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெலிதானது.

தொட்டி நெளிவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறைவதால் நீர் கொதித்துக் குமிழிகள் தோன்றும் நிலைக்கான இடைவெளி சுருங்குகிறது. அடியழுத்தத்தைக் கொண்டு மட்டம் காட்டும் கருவி, ஒரு கிலோபாஸ்கல் வெற்றிடத்துக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு, நீர் சற்று வேகமாக இறங்குவதாகத் தோன்றுமே தவிர, தொட்டி ஆபத்தில் இருப்பது தெரியாது.

அடைப்புக்கான காரணங்கள் மிகச் சாதாரணமானவை. பெயின்ட் அடிக்கும்போது குழாயின் வாயில் கட்டிய பிளாஸ்டிக் உறை அவிழ்க்கப்படாமல் போகலாம். வலையில் தூசியோ கூடோ சேரலாம். குளிர்நாடுகளில் பனி உறையலாம். காற்று வடிகட்டி வழியாகச் செல்லும் அமைப்பில் அந்த வடிகட்டியே அடைபடலாம். போரிக் அமிலப் படிகம் வால்வின் இருக்கையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பம்ப் ஓடாமலேயேகூட வெற்றிடம் உண்டாகலாம்: வெயிலில் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய உட்காற்று திடீர் மழையில் 40 டிகிரிக்குக் குளிர்ந்தால், மூடிய தொட்டியில் அழுத்தம் மூன்று சதவீதம் குறையும். நீராவியால் சுத்தம் செய்த பிறகு தொட்டியை மூடுவது இதைவிடக் கொடியது, ஏனெனில் நீராவி நீராகும்போது அதன் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

காற்றுக்குழாயின் அளவைச் சாதாரண நாளின் தேவைக்கு நிர்ணயிக்கக் கூடாது. எல்லா அவசரப் பம்புகளும் ஒருசேர முழுவேகத்தில் ஓட, அதே நேரத்தில் மழையும் பெய்கிறது என்று வைத்தே கணக்கிட வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு காற்றுவழிகள் தேவை. அவற்றில் ஒன்றாவது வால்வும் வடிகட்டியும் இல்லாத திறந்த வழியாக இருப்பதே என் விருப்பம். கதிரியக்க ஆவி வெளியேறக் கூடாத தொட்டிகளிலும் ஆக்சிஜன் புகக் கூடாத தொட்டிகளிலும் அது இயலாது. அங்கே, உள்ளே வெற்றிடம் உண்டானால் திறந்து வாயுவை உள்ளே விடும் வேக்குவம் பிரேக்கர் வால்வைத்தான் நம்ப வேண்டும். அதைக் கீழே நின்று பார்த்துக் கையெழுத்திடுவது சோதனை ஆகாது. வால்வை மூடியிருக்கும் தட்டைத் தூக்கி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று அளந்தால்தான் சோதனை. பராமரிப்புக்காக மாட்டும் ஒவ்வோர் உறைக்கும் எண்ணிட்டு, அது திரும்பி வந்து சேரும்வரை அந்தத் தொட்டியைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்றே பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை நெளிந்த தொட்டியில் நீர் மிச்சமிருக்கிறது என்பதற்காக அதைச் சேவைக்குத் தகுதியானதாகக் கருத முடியாது. உள்ளே அழுத்தம் கொடுத்துத் தகட்டைப் பழைய வடிவுக்குத் தள்ளிவிடலாம் என்ற யோசனை உடனே எழும். அதற்கு முன், அடித்தகட்டோடு சுவர் சேரும் பற்றவைப்பையும், பம்புக் குழாய்கள் புறப்படும் இணைப்புகளையும் விரிசல் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சுவர் மடியும்போது அந்த இடங்களில்தான் இழுப்பு மிகுதியாக விழுகிறது.